முச்சந்தியில் பத்தடி இடம்

அன்று காலை முச்சந்தியில் நின்றவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். என் அண்ணன் தாவீது, கையில் துடைப்பத்தோடு. அவன் பெண்சாதி சலோமி, என்னிடம் இரவல் வாங்கிய மாம்பழக் கலர்ப் புடவையில். அந்தப் புடவை இன்றுவரை திரும்பி வரவில்லை. தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்த இஸ்மாயில் பாய். ஏட்டு பொன்னுரங்கம், மூக்கில் கைக்குட்டையோடு. உன் அப்பா. அவருக்கு இரண்டடி தள்ளி நான். என் வயிற்றில் ஏழு மாதமாக நீ. தெருச்சனம் ஒரு நாற்பது பேர் இருக்கும். அவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், அவர்களை விட்டுவிடுகிறேன்.

திங்கட்கிழமை நீ வாலாஜாபேட்டைக்குப் போகிறாய், நகராட்சி ஆபீசில் மேலாளர் நாற்காலிக்கு. போன வாரம் சாப்பிடும்போது சொன்னாய், அங்கே முதல் தலைவலியே ஒரு காலி இடம்தான் என்று. ஒரு கூட்டம் பண்டிகைக்குப் பந்தல் போடக் கேட்கிறதாம், இன்னொரு கூட்டம் அதே இடத்தில் சாமி இல்லை என்று பலகை வைக்கக் கேட்கிறதாம். "இதெல்லாம் ஒரு விஷயமாம்மா? ரெண்டு பேருக்கும் கெடையாதுன்னு எழுதிட்டா முடிஞ்சுபோச்சு" என்று சிரித்தாய். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருந்தால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று எழுந்திருப்பாய். காகிதத்துக்கு நடுவில் நீ சரிம்மா சொல்ல முடியாது. நாலாங்கிளாஸ் படித்தவள் மூன்று நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உனக்கு நினைவு தெரிவதற்குள் அந்த இடம் மாறிவிட்டது, அதனால் சொல்கிறேன். முச்சந்தியில் குடிதண்ணீர்த் தொட்டிக்கும் நூலகச் சுவருக்கும் நடுவில் பத்தடி இடம் சும்மா கிடக்கும். நகராட்சி இடம். ஆவணியில் அங்கே பிள்ளையார் உட்காருவார். நபி பிறந்த நாளுக்குப் பச்சைத் தோரணம் கட்டுவார்கள். டிசம்பர் வந்தால் நம் வேதக்காரத் தெரு ஆட்கள் கிறிஸ்து பிறந்த குடில் போடுவார்கள், மேலே மூங்கில் நட்சத்திரம். மூன்றுக்குமே விளக்கு எரிய கரண்ட் இஸ்மாயில் பாய் ஷாப்பிலிருந்துதான் வரும். யாரும் யாரிடமும் மனு எழுதிக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. யாருடைய இடம் என்று ஒருத்தர் கேட்கும்வரை அது எல்லாருடைய இடமாகவும் இருந்தது. முதலில் கேட்டது யார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பிள்ளையார்க்காரர்கள் இல்லை, பாய்மார்கள் இல்லை, நாங்களும் இல்லை. உன் அப்பாவின் பகுத்தறிவு மன்றத்துக்காரர்கள்தான் கேட்டார்கள். எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் அது.

உன் அப்பா கறுப்புச் சட்டைக்காரர், நான் ஜெப வீட்டில் வளர்ந்தவள். தாலி இல்லாமல் மாலை மட்டும் மாற்றிக்கொண்ட கல்யாணம். என் அண்ணன் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. ஏழாவது மாதம் அவனே ஒரு பலாப்பழத்தோடு வந்து நின்றான். அப்பா அப்போது நகராட்சியில் தினக்கூலி. தொட்டித் தண்ணீரைத் திறந்து மூடுவது, சாக்கடை ஓரம் சுண்ணாம்புத் தூள் போடுவது. ஏழு பேரை நிரந்தரம் பண்ணப் போகிறார்கள் என்று ஆபீசில் ஒரு பட்டியல் தயாராகியிருந்தது. நாலாவது பெயர் உன் அப்பாவுடையது. ஜனவரியில் பட்டியல் முடிவாகி வரும், பிப்ரவரியில் நீ பிறப்பாய். எங்களுக்கு அந்த வருஷம் அதைத் தவிர வேறு நினைப்பே கிடையாது.

மன்றத்துக்காரர்கள் குடில் வைக்கிற அதே இடத்தில் அதே நாட்களில் ஒரு பலகை வைக்க வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். அதைக் கேள்விப்பட்டு எங்கள் தெருவும் முதல்தடவையாகக் குடிலுக்கு மனுக் கொடுத்தது. இரண்டும் ஒரே கிளார்க் மேசைக்குப் போனது. அவர் இருவருக்கும் அனுமதி எழுதிவிட்டார். அவர்களுக்கு ஐந்தடி, இவர்களுக்கு ஐந்தடி, நடுவில் சுண்ணாம்புக் கோடு. அந்தக் கோட்டைப் போட யாரை அனுப்பினார் தெரியுமா? உன் அப்பாவைத்தான். பலகையில் எழுத்து எழுதியதும் உன் அப்பாதான். மன்றத்திலேயே நல்ல கையெழுத்து அவருக்கு. "பிறக்கிற குழந்தை எல்லாம் ஒன்றே. இதில் சாமிக் குழந்தை என்று தனியாக ஒன்று இல்லை." கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து.

நான் அவரிடம் கேட்டேன், சண்டைக்கு இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான். "ஏங்க, எதிர்ல அவ்ளோ இடம் காலியா கெடக்குது. அங்க வெச்சா ஆவாதா?"

"எதிர்ல யாரு வர்றா? கூட்டம் இங்கதான வருது."

"கூட்டம் குடில் பாக்க வருது."

"அதையும் பாக்கட்டும், இதையும் படிக்கட்டும். யாரு வேணாம்னா?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அந்த ஒரு வாரம் தொட்டியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டே நான் கவனித்தேன். குடிலைப் பார்க்கிறவன் பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறான். பாயும் பார்க்கிறார், குடியாத்தத்திலிருந்து லுங்கி மூட்டை கொண்டுவருகிற நெசவுக்காரரும் சைக்கிளை நிறுத்திப் பார்க்கிறார். பலகையைப் படிக்கிறவன் மட்டும் ஏதாவது ஒரு பதில் சொல்லிவிட்டுத்தான் நகருகிறான், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும். பொம்மைக்குப் பதில் சொல்ல வேண்டாம், எழுத்துக்கு மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? எனக்கு இன்னும் விளங்கவில்லை. நீ படித்தவன், யோசித்துப் பார்.

சலோமியும் பதில் சொன்னாள், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் காதுபடவே. "இன்னா நாத்தனாரே, உன் வூட்டுக்காரரு எங்க பாலனுக்குப் பக்கத்துலயே நோட்டீஸ் எழுதி வெச்சிட்டாரு. பாலனுக்கு இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாதுன்னு சொல்லு."

"தெரிஞ்சா அவரும் படிச்சிட்டு ஒத்துக்குவாரு" என்றேன். தொட்டியடியே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அன்றுமுதல் அவள் மனதில் அது இருந்தது.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். குடிலுக்கு மலையும் குகையும் செய்ய எங்களுக்குச் சாக்கு வேண்டும். கஞ்சிப் பசையிலும் கரிப் பொடியிலும் முக்கி, மூங்கில் மேல் போர்த்திக் காயவைத்தால் பாறை மாதிரியே நிற்கும். வருஷா வருஷம் அந்தச் சாக்கு இஸ்மாயில் பாய் ஷாப்பில் பட்டைக் கிடங்கிலிருந்து வரும். தோல் பதனிடுகிற மரப்பட்டை வருகிற சாக்கு, காய்ந்து சுத்தமாக இருக்கும். அந்த வருஷம் சாக்கு எடுத்துவரும் வேலையை அண்ணன் என்னிடம் விட்டான். "எட்டு சாக்கு எடுத்துக்க மா, பட்டைக் கிடங்குல" என்று பாயும் சொல்லித்தான் அனுப்பினார். பட்டைக் கிடங்கு ஷாப்பு மைதானத்துக் கடைசியில், பத்துப் படி ஏறணும். வாசலிலேயே பச்சைத்தோல் கிடங்கு இருந்தது. உப்புப் போட்ட ஆட்டுத்தோல் வந்து இறங்குகிற இடம். அங்கே காலிச் சாக்கு குவிந்து கிடந்தது. எனக்கு மூச்சு வாங்கியது, கால் வீங்கியிருந்தது. அதிலேயே எட்டை எடுத்தேன். தொட்டித் தண்ணீரில் இரண்டு தரம் அலசினேன். நாற்றம் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை; எங்கள் மூக்குக்குத்தான் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அந்தக் காற்றையே குடித்தவர்கள் நாங்கள். அண்ணன் தன் கையால் பசை தடவினான், சலோமி மாட்டுக்கொட்டில் வைத்தாள், ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை.

கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்பு, விடிந்து பார்த்தால் குடில் கிழிந்து கிடந்தது. குகை தரையோடு தரை. ஒரு சாக்கு தொட்டி வரைக்கும் இழுபட்டிருந்தது. மேய்ப்பர் பொம்மைக்குத் தலை இல்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் பலகை நிமிர்ந்து நின்றது.

"பலகைக்கு ஒரு கீறல் இல்ல. குடில் மட்டும் கிழிஞ்சிருக்குது. வானத்துலேர்ந்து எறங்கி வந்தா கிழிச்சாங்க?" இது சலோமி.

"யாரு பாத்தா மா? பாக்காம பேசாதே, ஜாஸ்தி பேஜார் ஆய்டும்" என்றார் இஸ்மாயில் பாய்.

ஏட்டு பொன்னுரங்கம் திமிரி ஊர்ப் பக்கத்துக்காரர், வயல்காட்டு ஆள். நம் ஊருக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான். குடில் பக்கத்தில் வந்ததும் கைக்குட்டையை இன்னும் அழுத்திக்கொண்டார். "இன்னா நாத்தம்யா இது!"

"ஊரு வாசனை ஏட்டய்யா, பழகிடும்" என்று கூட்டத்தில் ஒருத்தன் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒரு நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. அது கையால் கிழித்த சாக்கு இல்லை, வாயால் கடித்து இழுத்த சாக்கு. நாய்கள். கால்தடம் இருக்கிறதா என்று கீழே பார்த்தேன். அதற்குள் அண்ணன் பெருக்கி முடித்திருந்தான்.

அண்ணன் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு உன் அப்பாவிடம் கேட்டான், "மச்சான், நான் பண்ணலன்னு ஒரு வார்த்த சொல்லு. போதும்."

"நான் சொல்லித்தான் உனக்குத் தெரியணுமா, தாவீது?"

அவ்வளவுதான் சொன்னார். அந்த வீம்பு உனக்கும் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். கேட்கக்கூடாத கேள்வியாகவே இருக்கட்டும், பதில் சொல்லிவிடு. ஏட்டு, "சும்மா விசாரிக்கத்தான், வாய்யா" என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பச்சைத்தோல் சாக்கைப் பாலனுக்குப் போர்த்தினேன் என்று சொன்னால், கறுப்புச் சட்டைக்காரன் பெண்டாட்டி வேண்டுமென்றே செய்தாள் என்று சலோமி சொல்வாள், நாற்பது பேரும் நம்புவார்கள். அந்தப் பயத்தில் வாய் ஒட்டிக்கொண்டது. ஏழு மணியிலிருந்து பதினொரு மணிவரை அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். நீ உள்ளே உதைத்துக்கொண்டே இருந்தாய்.

பதினொரு மணிக்கு நகராட்சி ஆபீசுக்குப் போனேன். ஸ்டேஷனுக்குப் போகப் பயம். ஆபீஸ் உன் அப்பா வேலை செய்கிற இடம், அனுமதி கொடுத்ததும் அவர்கள். அந்தக் கிளார்க் என் வயிற்றைப் பார்த்து எழுந்து தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். தண்ணீர் வரவழைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: பச்சைத்தோல் கிடங்கு, வீங்கிய கால், இரண்டு தரம் அலசியது, நாய். அவர் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. சொன்னதை அழகான எழுத்தில் அரைத்தாளில் எழுதி எனக்கே வாசித்துக் காட்டினார். கீழே கையெழுத்துப் போட்டேன். ஆபீஸ் காகிதத்தில் நான் போட்ட முதல் கையெழுத்து.

"சார், அவரை வுட்டுடுவாங்களா?"

"நீங்க வூட்டுக்குப் போங்கம்மா. நான் ஆள் அனுப்பிச் சொல்லிடறேன். இந்த நெலமைல அலையக் கூடாது."

நான் மனசு லேசாகி வந்து சோறு வடித்தேன். அவ்வளவு மரியாதையாக என்னை எந்த ஆபீசிலும் யாரும் நடத்தியதில்லை.

மணி நாலு ஆயிற்று, அவர் வரவில்லை. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. முச்சந்திக்குப் போய், மூலையில் கிடந்த கிழிந்த சாக்கு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். பாதித் தெருவில் ஒரு நாய் பின்னால் வந்தது. கறிக்கடை தாண்டினதும் மூன்று. ஸ்டேஷன் வாசலில் நான் திரும்பிப் பார்த்தபோது ஐந்து நாய் வரிசையாக நிற்கிறது, ஊர்வலம் மாதிரி. ஏட்டு வெளியே வந்தார். நான் சாக்கைத் தரையில் போட்டேன். ஐந்தும் பாய்ந்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தன.

ஏட்டு கைக்குட்டையை எடுத்துக்கொண்டே சொன்னார், "இதத்தாம்மா நான் காலைலேர்ந்து சொல்றேன், நாறுதுன்னு. எவன் கேட்டான்?"

"கிளார்க் சார் சொல்லி அனுப்பலியா?"

"எந்தக் கிளார்க்கு? யாரும் வர்லியே."

உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்த உன் அப்பா எட்டிப் பார்த்தார். நாய்களைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எந்தக் கிடங்கு?" என்றார். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "ஏட்டய்யா, இந்த அஞ்சும் எந்தக் கட்சின்னு வெசாரிங்க" என்றார். ஏட்டு கையை ஆட்டி அவரைப் போகச் சொன்னார். வாசலில் என் அண்ணன் நின்றிருந்தான். மத்தியானத்திலிருந்தே அங்கேதான் நிற்கிறானாம், உள்ளே போகத் தைரியம் இல்லாமல். மூன்று பேருமாக நேரே பட்டைக் கிடங்குக்குப் போய் எட்டுச் சாக்கு எடுத்துவந்தோம். இருட்டுவதற்குள் குகை நின்றுவிட்டது. மேல் கயிற்றை இழுத்துக் கட்டியது உன் அப்பா, நீளக் கை அவருக்குத்தான். பலகை அதன் இடத்திலேயே நின்றது. சலோமி எல்லாருக்கும் டீ கொண்டுவந்தாள், எனக்கு மட்டும் சர்க்கரை கம்மி.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு இதை வேடிக்கையாகவே சொல்லியிருப்பேன். ஜனவரியில் பட்டியல் வந்தது. ஆறு பெயர். போய்க் கேட்டதற்கு, போலீஸ் விசாரணையில் இருக்கிற ஆள் என்று அறிக்கை போயிருக்கிறது என்றார்கள். எழுதியது அந்தக் கிளார்க். என்றைக்கு எழுதியது? உன் அப்பாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போன அன்று காலை. மேலே அனுப்பியது? அன்று மத்தியானம், நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துபோன பிறகு. நான் நேரே அந்த மேசைக்குப் போனேன்.

"சார், நான் கையெழுத்துப் போட்ட பேப்பர் இருக்குதே?"

"எந்தப் பேப்பரும்மா?" என்றார். அதே மரியாதைக் குரல். அன்றும் நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை.

அதன் பிறகு அந்தப் பத்தடியில் யாருக்கும் எதற்கும் அனுமதி கிடையாது என்று ஓர் உத்தரவு வந்தது. பிள்ளையார் அரிசி மில் சந்துக்குப் போனார், குடில் எங்கள் சபைக்குள் போனது, தோரணம் மசூதித் தெருவோடு நின்றது, பலகை நம் வீட்டுப் பரணில் ஏறியது. காலியான இடத்தில் கட்டணக் கழிப்பிடம் கட்டினார்கள். இரண்டு பேருக்கும் கிடையாது என்று எழுதினால் முடிந்தது என்றாயே, முடிந்ததும் என்ன வரும் என்று பார்த்தவள் சொல்கிறேன். உன் அப்பா முட்டி தேய்கிறவரை தினக்கூலியாகவே இருந்தார். என் மேல் ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருக்கலாம்.

அந்தக் கிளார்க் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு இன்னும் தெரிந்துகொள்ள ஆசை. கோபத்தைவிட அந்த ஆசைதான் இப்போது பெரிதாக இருக்கிறது. அவர் வேதக்காரர் இல்லை, மன்றத்துக்காரரும் இல்லை. உன் அப்பாமேல் பகை கிடையாது. காசுக்குக் கை நீட்டுகிறவர் என்று யாரும் சொன்னதில்லை. ரொம்ப நாள் யோசித்து எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். காலையில் எழுதின அறிக்கை தப்பு என்று சொல்ல அவர் மாடிக்கு ஏறி அதிகாரி முன்னால் நிற்க வேண்டும். "அவசரப்பட்டு எழுதிட்டேன், ஐயா" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்கு என் காகிதத்தை டிராயருக்குள் தள்ளுவது சுலபம். இது சரியா என்று எனக்குத் தெரியாது. நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எனக்குச் சொல். பந்தல்காரர்கள் வரட்டும், பலகைக்காரர்கள் வரட்டும், அவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்துப் பேசு, சத்தம் போடுவார்கள், போடட்டும். ஆனால் நீ எழுதினது தப்பு என்று காட்டுகிற காகிதத்தை எவளாவது கொண்டுவந்து நீட்டினால், அவளுக்கு நாற்காலி போட வேண்டாம். நீ எழுந்திரு.

நாலு மணி நேரம் வாயைத் திறக்காத பாவம் என்னுடையது, அதைச் சுமக்கிறேன். அண்ணன் பெருக்கும்போது நாயின் கால்தடத்தைப் பார்த்தானா என்று கடைசிவரை அவனிடம் கேட்கவில்லை. பார்த்திருந்தாலும் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நின்றானே, அதற்காக மன்னித்துவிட்டேன். ஏட்டுமேல் எனக்கு ஒன்றும் இல்லை, ஊரிலேயே அவருக்கு ஒருத்தருக்குத்தான் மூக்கு இருந்தது. சலோமியையும் மன்னித்தாயிற்று. அவள் நம்பினதைத்தான் கத்தினாள்; நாய் என்று தெரிந்ததும் உன் அப்பா முன்னால் வந்து நின்று அழுதாள். இவர்கள் எல்லாருக்கும் ஏதோ ஒன்று பெரிதாக இருந்தது, அதற்காகத் தப்புச் செய்தார்கள். நிஜம் என்னவென்று என் வாயாலேயே கேட்டு, தன் கையாலேயே எழுதி, என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு, அதற்கு அப்புறமும் உன் அப்பா பெயரை அடித்தவன் ஒருத்தன்தான். செத்துப்போனான் என்று கேள்விப்பட்டேன், நான் எட்டிப் பார்க்கவில்லை. வ. சம்பந்தம். அவனை நான் மன்னிக்க மாட்டேன்.